வாடகை வீட்டின் வாசற்படி: வீட்டுரிமையாளரின் நுழைவும் குடியிருப்போரின் அந்தரங்கமும் (1882–2019)

ஆய்வுச் சுருக்கம்

வாடகை வீட்டினுள் வீட்டுரிமையாளர் நுழைவதைச் சட்டம் எவ்வாறு நோக்கி வந்துள்ளது என்பதைச் சென்னை மாகாணம், தமிழ்நாடு ஆகியவற்றின் சட்ட வரலாற்றின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் தொடங்கி, 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் வரையிலான காலம் ஆய்வு எல்லையாகக் கொள்ளப்பட்டுள்ளது. வாடகைக் கட்டுப்பாட்டுக் காலத்தில் குடியிருப்போர் வெளியேற்றத்திலிருந்து காக்கப்பட்டனர். அவர்தம் வாசல் காக்கப்படவில்லை. வாசலுக்குப் பாதுகாப்பு வந்தபோதோ குடியிருப்பின் உறுதி தளர்ந்தது. இவ்விரண்டும் ஒருசேரக் கிடைக்காமையே குடியிருப்போரின் அந்தரங்க உரிமையை ஏட்டளவில் நிறுத்தியுள்ளது என்பது கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: வாடகைச் சட்டம், அந்தரங்கம், நுழைவுரிமை, ஒண்டுக்குடித்தனம், சென்னை மாகாணம்.

முன்னுரை

வாடகை குறித்த வரலாற்று ஆய்வுகள் பெரும்பாலும் வாடகைத் தொகை, வெளியேற்றம் ஆகிய இரண்டையே மையமாகக் கொள்கின்றன. வழக்குகள் மிகுதியும் இவை பற்றியே எழுந்தமை அதற்குக் காரணமாகும். ஆனால் குடியிருப்போரின் அன்றாட வாழ்வில் வேறொரு வினாவும் உண்டு. வாடகை கொடுத்துக் குடியிருக்கும் வீட்டுக்குள் அதன் உரிமையாளர் நினைத்தபோது வரலாமா? கதவைத் தட்டாமல் நுழைவது, ஆளில்லாதபோது மாற்றுச் சாவியால் திறந்து பார்ப்பது, அடுக்களையில் என்ன வேகிறது என்று அறிய முற்படுவது, வந்து போவோரைக் கணக்கெடுப்பது ஆகியன நீதிமன்றத்தை எட்டுவது அரிது. எனவே இவ்வினாவுக்கான விடையைச் சட்டங்களின் சொற்களிலும் அவை பேசாது விட்ட இடங்களிலும் தேட வேண்டியுள்ளது.

1882: ஒரே ஆண்டில் இரு சட்டங்கள்

1882ஆம் ஆண்டின் நான்காம் சட்டமான சொத்து மாற்றுச் சட்டம் குத்தகை உறவுக்கு எழுத்து வடிவம் தந்தது. அதன் 108ஆம் பிரிவு இரு தரப்பாரின் உரிமைகளையும் கடமைகளையும் வரிசைப்படுத்துகிறது. வாடகை செலுத்தி ஒப்பந்தப்படி நடப்பவர் சொத்தை இடையூறின்றி அனுபவிக்கலாம் என்பது அவற்றுள் ஒன்று. உரிமையாளரும் அவருடைய முகவரும் நியாயமான நேரங்கள் அனைத்திலும் உள்ளே வந்து சொத்தின் நிலையைப் பார்வையிடக் குடியிருப்பவர் இடந்தர வேண்டும் என்பது மற்றொன்று. நியாயமான நேரம் எது என்பதைச் சட்டம் வரையறுக்கவில்லை. முன்கூட்டி அறிவிக்க வேண்டும் என்றும் கூறவில்லை.

இதனினும் முக்கியமானது அப்பிரிவின் தொடக்கத் தொடராகும். மாறான ஒப்பந்தமோ உள்ளூர் வழக்காறோ இல்லாதவிடத்தே இவ்விதிகள் செல்லும். அதாவது, குடியிருப்பவரின் இடையூறற்ற அனுபவம் உள்ளூர் வழக்காற்றுக்கு வழிவிடக்கூடியதாகவே அமைக்கப்பட்டது.

அதே ஆண்டின் ஐந்தாம் சட்டமான வசதியுரிமைச் சட்டம், வழக்காற்றின் அடிப்படையிலான அந்தரங்க உரிமையை அதன் 18ஆம் பிரிவின் எடுத்துக்காட்டில் குறிப்பிட்டது. ஓர் ஊரின் வழக்காறு அவ்வாறு இருப்பின், அடுத்த வீட்டாரின் அந்தரங்கத்தைப் பெரிதும் குலைக்கும்வகையில் ஒருவர் புதிய சன்னல் திறக்க இயலாது. இச்சட்டம் தொடக்கத்தில் சென்னை மாகாணம், மத்திய மாகாணங்கள், குடகு ஆகிய பகுதிகளுக்கே பொருந்தியது. ஆயினும் அவ்வுரிமையை உறுதியாக ஏற்றது அலகாபாத் உயர்நீதிமன்றம். 1888இல் கோகல் பிரசாத் எதிர் ராதோ வழக்கில் அது அவ்வாறு தீர்ப்பளித்தது. சென்னை உயர்நீதிமன்றமோ ஆங்கிலப் பொதுச்சட்ட நோக்கையொட்டி, சன்னல்வழிப் பார்வையை வழக்குத் தொடரத்தக்க தீங்காகக் கொள்ளவில்லை. அந்நோக்கின்படி, பார்வையை விரும்பாதவர் தம் நிலத்தில் மறைப்பு எழுப்பிக்கொள்ளலாம்.

இத்தீர்வு நிலவுடைமையாளருக்கே பயன்படும். சொந்தச் சுவர் எழுப்ப உரிமையற்ற வாடகைதாரருக்கு, அதுவும் பார்ப்பவரே வீட்டுரிமையாளராக இருக்கும்போது, அதனால் பயனில்லை.

இதற்கு முன்பே 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் குற்றமுறு அத்துமீறலை வரையறுத்திருந்தது. அவ்வரையறை உடைமையை அன்றி அனுபோகத்தை அடிப்படையாகக் கொண்டதால், உரிமையாளரும் தம் வீட்டிலேயே அத்துமீறியவராகக் கூடும். ஆனால் குற்றம் புரியவோ, அச்சுறுத்தவோ, இழிவுபடுத்தவோ, தொல்லை தரவோ அவர் எண்ணினார் என்பது மெய்ப்பிக்கப்பட வேண்டும். 'ஓடு ஒழுகுகிறதா என்று பார்க்க வந்தேன்' என்னும் விடை அவ்வெண்ணத்தை மறுக்கப் பெரும்பாலும் போதுமானதாக இருந்தது.

ஒண்டுக்குடித்தனமும் வழக்காறும்

சட்டம் இடம்விட்ட உள்ளூர் வழக்காறு எத்தகையது என்பதை வீட்டமைப்பே காட்டும். 1901இல் சற்றேறக்குறைய 5 லட்சமாக இருந்த சென்னை நகர மக்கள்தொகை 1941இல் 7.7 லட்சத்தைக் கடந்தது. நகர எல்லை விரிவாக்கமும் சேர்ந்து 1951இல் 14 லட்சத்தைத் தாண்டியது. திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் போன்ற பழைய பகுதிகளில் ஒரு குடும்பத்துக்காகக் கட்டப்பட்ட முற்றம் வைத்த வீடுகள் பல குடும்பங்களுக்குப் பங்கிடப்பட்டன. உரிமையாளர் முன்கட்டிலும் வாடகைதாரர் பின்கட்டிலும் வாழும் ஒண்டுக்குடித்தனம் நிலைபெற்றது. கிணற்றடியும் கழிப்பிடமும் நடைவழியும் பொதுவாயின.

இவ்வீடுகளில் நுழைவு என்பது தனி நிகழ்ச்சியன்று. ஒரே நடைவழியில் ஒவ்வொருவரும் மற்றவரைக் கடந்தே செல்ல வேண்டியிருந்தது. அதனோடு ஆசாரக் கட்டுப்பாடுகளும் இணைந்தன. வாடகைதாரரின் சாதி, உணவு, விலக்கு நாட்கள், விருந்தினர் ஆகியவற்றை அறிந்துகொள்வது உரிமையாளரின் உரிமையாகவே கருதப்பட்டது. குடும்பப் பெண்கள் பகல் முழுதும் வீட்டில் இருந்தமையால் இக்கண்காணிப்பின் சுமை அவர்கள்மீதே மிகுதியும் விழுந்தது. உள்ளூர் வழக்காறு எனச் சட்டம் ஒப்பிய ஒன்று, நடைமுறையில் உரிமையாளரின் வழக்காறாகவே இருந்தது.

வாடகைக் கட்டுப்பாடு: காக்கப்பட்டதும் விடுபட்டதும்

இரண்டாம் உலகப் போர்க்கால வீட்டுத் தட்டுப்பாடு அரசைத் தலையிடச் செய்தது. போர்க்கால ஆணைகளைத் தொடர்ந்து 1946, 1949, 1960 ஆகிய ஆண்டுகளில் கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் இயற்றப்பட்டன. 1960ஆம் ஆண்டுச் சட்டம் நியாய வாடகையை வரையறுக்க வழிசெய்தது. ஒப்பந்தக் காலம் முடிந்தது என்பது மட்டுமே வெளியேற்றக் காரணமாகாது என்னும் நிலை உருவாயிற்று. வாடகை பாக்கி, உள்வாடகை, கட்டடத்துக்கு ஊறு, சொந்தத் தேவை முதலிய குறிப்பிட்ட காரணங்களை வாடகைக் கட்டுப்பாட்டு அலுவலர் முன் உரிமையாளர் நிறுவ வேண்டியிருந்தது.

வெளியேற்ற இயலாத உரிமையாளர் வேறு வழிகளை நாடக்கூடும் என்பதைச் சட்டம் உணர்ந்திருந்தது. குடியிருப்பவர் துய்க்கும் தண்ணீர், மின்சாரம் முதலிய வசதிகளைத் தக்க காரணமின்றித் துண்டிப்பதை அது தடைசெய்தது. சென்னையின் தண்ணீர்ப் பஞ்சத்தைக் களமாகக் கொண்ட அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலைப் படித்தோருக்கு, இவ்விதி எத்தகைய வாழ்நிலையை நோக்கியது என்பது விளங்கும்.

ஆனால் குழாயைக் காத்த சட்டம் கதவைக் காக்கவில்லை. உரிமையாளரின் நுழைவு தொடர்ந்தும் 1882இன் 'நியாயமான நேரம்' என்னும் தொடருக்கே விடப்பட்டது. மேலும், கட்டடத்தின் ஒரு பகுதியில் தாமே வசிக்கும் உரிமையாளர் கூடுதல் இடம் தேவை எனக் கூறி மறுபகுதியைக் கேட்க 1960ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. கண்காணிப்பு மிகுந்திருந்த ஒண்டுக்குடித்தனத்திலேயே குடியிருப்பின் உறுதி குறைந்திருந்தது என்பது இதனால் புலனாகும்.

அரசின் பார்வையும் உரிமையாளரின் பார்வையும்

இதே காலத்தில் அரசியலமைப்புச் சட்டத்தளத்தில் வீடு வேறுவிதமாகப் பேசப்பட்டது. 1962இல் கரக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், காவலர் இரவில் வீடு தேடிச் சென்று சோதிக்க இடந்தந்த உத்தரப் பிரதேசக் காவல் விதியைச் செல்லாதென்றது. எனினும் அந்தரங்கத்தைத் தனித்த அடிப்படை உரிமையாக ஏற்கவில்லை. காவலரின் நுழைவுக்கு வரம்பு வந்தது. உரிமையாளரின் நுழைவு தனியார் விவகாரமாகவே நின்றது.

இவ்விரண்டுக்கும் இடையிலான கோடு எப்போதும் தெளிவாக இருந்ததன்று. 2012இல் வேளச்சேரியில் வாடகை வீடொன்றில் இருந்த வங்கிக் கொள்ளைச் சந்தேக நபர்கள் காவல் துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதன் பின்னர், வாடகைதாரர் விவரங்களை வீட்டுரிமையாளர்கள் காவல் நிலையத்தில் அளிக்க வேண்டும் எனச் சென்னை மாநகரக் காவல் துறை ஆணையிட்டது. குடியிருப்போரை அறிந்து வைத்திருப்பது உரிமையாளரின் விருப்பம் என்பதிலிருந்து கடமையாக மாறியது.

2017: எழுத்துமூல அறிவிப்பு

2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக ஒருமனதாக ஏற்றது. அவ்வுரிமை முதன்மையாக அரசுக்கு எதிரானது. தனியார் உறவில் அது செயல்படத் தனிச் சட்டம் தேவைப்பட்டது. அதே ஆண்டில் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வீட்டுரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகள் முறைப்படுத்தும் சட்டம் அத்தேவையை ஓரளவு நிறைவு செய்தது. பழுதுபார்க்கவோ பார்வையிடவோ நுழையும் உரிமையாளர் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் எழுத்துமூலம் அறிவிக்க வேண்டும். நுழைவின் காரணமும் நாளும் நேரமும் அறிவிப்பில் இடம்பெற வேண்டும். 135 ஆண்டுகளாக வரையறையின்றி நின்ற 'நியாயமான நேரம்' இதனால் அளவிடத்தக்கதாயிற்று.

ஆயினும் இரண்டு குறைகள் சுட்டத்தக்கன. முதலாவது, வாடகை ஒப்பந்தத்தில் குறிக்கப்படும் பிற நியாயமான காரணங்களுக்காகவும் நுழையலாம் என்பது. 1882இல் உள்ளூர் வழக்காறு பெற்ற இடத்தை இங்கு ஒப்பந்த வாசகம் பெறுகிறது. அவ்வாசகத்தை எழுதுபவர் பெரும்பாலும் உரிமையாளரே.

இரண்டாவது, இச்சட்டம் 1960ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி, குடியிருப்பின் காலத்தை ஒப்பந்தத்தோடு பிணைத்தது. 11 மாத ஒப்பந்தம் பரவலாக உள்ள சூழலில், அறிவிப்பின்றி நுழைந்த உரிமையாளரைத் தடுத்துக் கேள்வி எழுப்பும் குடும்பம் அடுத்த ஒப்பந்தத்தை இழக்க நேரலாம். பிள்ளைகளின் பள்ளியும் முகவரிச் சான்றும் முன்பணமும் அதனோடு சேர்ந்தே ஊசலாடும்.

முடிவுரை

தமிழ்நாட்டு வாடகைச் சட்ட வரலாற்றில் இரு பாதுகாப்புகள் வெவ்வேறு காலங்களில் தோன்றின. 1960ஆம் ஆண்டுச் சட்டம் குடியிருப்பவரை வீட்டில் நிலைக்கச் செய்தது. அவ்வீட்டின் கதவை அவருக்கு உரியதாக்கவில்லை. 2017ஆம் ஆண்டுச் சட்டம் கதவை அவருக்கு உரியதாக்கியது. அவர் அங்கு நிலைப்பதை உறுதிசெய்யவில்லை. தட்டாமல் நுழைபவரை நிறுத்திக் கேட்கும் உரிமை, கேட்டபின்னும் அவ்வீட்டில் வாழ இயலும் என்ற உறுதியோடு சேரும்போதே பொருளுடையதாகும். எனவே நுழைவு விதியைத் தனியே ஆராய்வதினும், அதனை வெளியேற்ற விதியோடு இணைத்து ஆராய்வதே அந்தரங்கத்தின் சமூக வரலாற்றுக்குப் பொருத்தமான அணுகுமுறையாகும்.