தாடி ஓணானுக்கு உகந்த தரை

ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பாதியில் கடற்கரையை விட்டு உள்நோக்கிச் சென்றால் எதிர்ப்படும் வறண்ட செம்மண் நிலங்களிலும் புதர்க்காடுகளிலும் வாழ்வதும், 1926ஆம் ஆண்டில் எர்ன்ஸ்ட் ஆல் என்ற ஜெர்மானிய விலங்கியலார் முதன்முதலாக வருணித்து விஞ்ஞானப் பெயர் சூட்டியதும், இன்று ‘பியர்டட் டிராகன்’ என்ற பெயரில் பல தேசங்களில் வீட்டுப் பிராணியாக வளர்க்கப்படுவதுமாகிய தாடி ஓணான், நம் வேலிகளில் தலையாட்டி நிற்கும் ஓணானின் குடும்பத்தைச் சேர்ந்ததே. அந்நாட்டு அரசாங்கம் தன் வனஜீவிகளை வியாபாரத்துக்காக வெளியே அனுப்புவதை நெடுங்காலமாகத் தடுத்து வருவதால், பிற நாடுகளில் காண்பவை கூண்டிலேயே பிறந்து பெருகிய சந்ததிகள். இப்பிராணி வாழும் கண்ணாடித் தொட்டியின் தரையில் எதைப் பரப்புவது என்ற விஷயத்தில் வளர்ப்போரிடையே நிலவும் விவாதம், தரையை மட்டும் நோக்கிப் பிராணியின் தேகநிலையை நோக்காததால்தான் தீராமல் நீள்கிறது என்பது என் கருத்து.

மணலே கூடாது என்பார் ஒரு சாரார். மண்ணில் வாழப் பிறந்த பிராணிக்கு மண்ணை மறுப்பது அநியாயம் என்பார் மற்றொரு சாரார். முன்னவர் அச்சத்துக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. ஓணான் குடும்பத்துப் பல்லிகள் சிறு பூச்சிகளை நாக்கின் பசையில் ஒட்டவைத்தே வாய்க்குள் இழுக்கின்றன. சுவர்க்கோழி ஒன்றின்மீது தாடி ஓணான் பாய்வதை அருகிருந்து நோக்கினால், தலை தாழ்ந்து, தடித்த நாக்கு முன்னே புரண்டு வந்து, இரையோடு தரையையும் ஒருமுறை தடவி மீள்வதும், பூச்சி உள்ளே மறைந்த பின்பும் நாக்கின் ஈரத்தில் மணற்பரல்கள் சில மினுங்குவதும் தெரியும். அவை குடலில் திரண்டு அடைத்துக்கொண்டால் உயிருக்கே அபாயம்.

ஆயினும், அதே நாக்கோடு அதே மண்ணில் காட்டுப் பல்லி நலமாக வாழ்வது எங்ஙனம் என்று பின்னவர் கேட்பது புறக்கணிக்கத்தக்க கேள்வியன்று. தன் தேக உஷ்ணத்துக்கு வெளிவெப்பத்தையே நம்பியிருக்கும் இப்பிராணிக்கு, உடல் ஏறக்குறைய 35 பாகை செல்சியசை எட்டினால்தான் ஜீரணம் செவ்வனே நடைபெறும். அதற்கு வெயில்காயும் மேடை 40 பாகையளவேனும் சூடேற வேண்டும். 290 முதல் 315 நானோமீட்டர் வரையிலான புற ஊதாக் கதிர் தோலில் படாவிடின், உணவின் வழியாகவும் போதிய டி3 வைட்டமின் கிட்டாத பல்லியின் உடலில் சுண்ணாம்புச் சத்து சேராது. அந்தச் சத்துக் குறைந்தால் எலும்பு வளைவதோடு, குடலைச் சுருக்கி விரிக்கும் தசைகளும் தளர்ந்துவிடும். அந்தச் சத்துக்காக ஏங்கும் பல்லியோ மண்ணை நக்கியும் கடித்தும் தின்னத் தலைப்படும். ஆகவே மண்ணை அதிகம் தின்னும் பல்லியே அதை வெளியேற்றும் வலிமையற்ற பல்லியாகவும் இருந்துவிடுகிறது. குடலடைப்பால் இறந்த பல்லியின் வயிற்றில் மணலைக் கண்டு மணலையே குற்றவாளியாக்குவோர், அதன் தலைக்கு மேல் எரிந்த விளக்கையும் ஒருமுறை சோதித்துப் பார்க்க வேண்டும்.

எனினும் உதிரித் தரை, வளர்ப்பவர் தவறுக்கு இடங்கொடாத தரை. அதனால் குஞ்சுக்கும், நோயுற்றதற்கும், புதிதாக வந்து சேர்ந்ததற்கும் வெறும் காகிதமே சிறந்தது. எச்சத்தின் நிறமும் இளக்கமும் அதில் உடனே புலப்படும், அழுக்கானால் அப்போதே மாற்றவும் கூடும். சொரசொரப்பான கல் ஓடு நகத்தைத் தேய்த்து, வெப்பத்தையும் ஏந்திக்கொள்ளும். துணிவிரிப்பில் நகம் சிக்கி விரல் பிய்வதுண்டு. வாதுமைக் கொட்டை ஓட்டுத் தூளின் விளிம்புகள் கூரியவை. தேவதாரு மரச்சீவல் மூச்சுக்கு ஆகாது. ஜீரணமாகும் என்று புகழ்ந்து விற்கப்படும் சுண்ணாம்பு மணலை நான் முற்றிலும் நிராகரிக்கிறேன். தின்னத் தூண்டுவதும், வயிற்றின் அமிலத்தை மட்டுப்படுத்துவதும், நனைந்தால் கட்டிப்படுவதும் அதன் இயல்பு.

தேர்ச்சி பெற்ற வளர்ப்பவரிடம் உள்ள, நன்கு உண்டு வளர்ந்த பல்லிக்கு, உரம் கலவாத மண் மூன்று பங்கும் கழுவிய மணல் இரண்டு பங்குமாகச் சேர்த்து, நீர் தெளித்துப் பிசைந்து, திமிசு போட்டதுபோல் கெட்டித்து, முற்றிலும் உலரவிட்ட தரையே என் தேர்வு. அதில் பரல் எளிதில் உதிராது, நகம் ஊன்றும், தோண்ட விரும்பினால் தோண்டவும் இயலும். தொட்டியின் சௌந்தரியத்தைப் பற்றிய வாதமும் இங்கேதான் நிர்ணயமாகிறது. நீலமும் பச்சையுமாகச் சாயமேற்றிய மணலில் பழுப்பும் செம்பழுப்புமான இப்பல்லி அந்நியமாய்த் தோன்றுகிறது. அதன் நிறம் உருவான செம்மண்ணில், காலைக் குளிரில் வெப்பத்தை ஏற்கக் கறுத்திருந்த முதுகு சூடேற ஏறப் பொன்னிறமாய் வெளுப்பதைக் காண்பவர் வேறு அலங்காரம் தேடமாட்டார். ஆனால் 120 செ.மீ. நீளமும் 60 செ.மீ. அகலமும் உள்ள கூண்டில் 10 செ.மீ. கனத்துக்கு இட்ட மண் 100 கிலோ அளவுக்கு நிறை காட்டும் என்பதால், அதைத் தாங்கும் மேசையை முன்னதாகவே தயார் செய்ய வேண்டும்.

இத்தகைய தரைக்கு அடியில் வெப்பத்தகடு வைப்பது பெரும்பிழை. இயற்கையில் மண்ணுக்குள் இறங்க இறங்கக் குளிர்ச்சி. அதை நாடித் தோண்டும் பிராணி தகட்டின்மேல் வயிறு வெந்துபோகும். முட்டையிடும் பருவத்துப் பெட்டைக்கோ, குழி சரியாத அளவுக்கு ஈரமான மண்ணை ஆழமாக நிரப்பிய தனிப்பெட்டி அவசியம். ஆண் அருகில் இல்லாவிடினும் அது கருக்கொள்ளாத முட்டைகளைச் சுமக்கக்கூடும், தோண்ட இடமின்றி அவற்றை அடக்கிக்கொண்டால் மாண்டுபோகவும் கூடும்.

ஆதலால் தாடி ஓணான் வளர்க்க விரும்பும் அன்பர்கள், மண் வாங்கப் புறப்படுவதற்கு முன்னர் நல்ல வெப்பமானி ஒன்றையும் தரமான புற ஊதா விளக்கையும் வாங்கிப் பொருத்தி, வெயில்மேடையின் உஷ்ணத்தைச் சில நாட்கள் அளந்து பார்க்கும்படி வேண்டுகிறேன். அந்த அளவு சீர்ப்படும்வரை தொட்டியில் காகிதமே இருக்கட்டும்.