கிட்டார் கார்டு: புத்தகத்துக்கு முன்னே கைக்குத் தெரிந்த கணக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. இசை தெரியாதவர்களுக்காகத்தான் எழுதுகிறேன், தைரியமாகப் படிக்கலாம்.

கிட்டார் பழகும் பிள்ளைகளின் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்திருப்பீர்கள். பாடல் வரிக்கு மேலே அங்கங்கே சி, ஜி, ஏ மைனர் என்று எழுத்துகள் நிற்கும். அவைதாம் கார்டுகள் (ரேஷன் கார்டு அல்ல!). இப்படி எழுத்து போடும் வழக்கத்துக்கு 400 வயதுக்கு மேல் ஆகிறது.

முதலில் கணக்கு. ஆர்மோனியத்தில் கறுப்பு, வெள்ளை எல்லாம் சேர்த்து எண்ணினால் ஒரு ஸ்தாயிக்கு 12 கட்டைகள். வீணையில் மெட்டு என்கிறோமே, அதுதான் கிட்டாரில் ஃப்ரெட். ஒரு ஃப்ரெட் நகர்ந்தால் ஒரு கட்டை நகர்ந்ததாக அர்த்தம். ஏதாவது ஒரு கட்டையை அழுத்துங்கள். அதிலிருந்து 4 தள்ளி ஒன்று, அங்கிருந்து 3 தள்ளி இன்னொன்று. மூன்றையும் ஒருசேர ஒலித்தால் மேஜர் கார்டு. முதலில் 3, பிறகு 4 என்று மாற்றிப் போட்டால் மைனர். கர்நாடக சங்கீதம் கேட்பவர்களுக்குச் சொன்னால், ச, அந்தர காந்தாரம், ப சேர்ந்தால் மேஜர். நடுவிலுள்ள காந்தாரம் ஒரு படி இறங்கிச் சாதாரண காந்தாரமானால் மைனர். வித்தியாசம் அந்த ஒரே ஒரு கட்டைதான். ஆனால் கேட்டுப் பாருங்கள், சிரித்த முகம் சட்டென்று வாடியதுபோல் இருக்கும். 12 கட்டைகளில் எதிலும் தொடங்கலாம் என்பதால் மேஜர் 12, மைனர் 12, ஆக 24.

இந்த 24ஐயும் கிட்டாருக்கென்று வரிசைப்படுத்திக் கொடுத்தவர் ஒரு வைத்தியர்! பெயர் ஜோவான் கார்லெஸ் அமாத். ஸ்பெயினின் கட்டலோனியாவில், மொன்சராத் மலையடிவாரத்து ஊரான மொனிஸ்ட்ரோலைச் சேர்ந்தவர். கட்டலான் பழமொழிகளைத் தொகுத்தவரும் இவரே. இவருடைய கிட்டார் கையேடு 1596இல் வந்தது என்பது பொதுவான கருத்து. நமக்குக் கிடைத்திருக்கும் பழைய பதிப்பு 1626ஐச் சேர்ந்தது. அன்றைய கிட்டாருக்கு ஐந்து வரிசைக் கம்பிகள்தான், பெரும்பாலும் இரட்டை இரட்டையாக. ஆறாவது கம்பி 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் வந்து சேர்ந்தது. அமாத் ஒவ்வொரு கார்டுக்கும் ஓர் எண் கொடுத்தார். எண்ணைப் பார், விரலை வை, கம்பிகளை மொத்தமாக வருடு. அவ்வளவுதான் பாடம். ஐந்துகோட்டு இசைக்குறிப்பு படிக்கத் தெரிய வேண்டியதில்லை.

1606இல் ஃபிளாரன்ஸ் நகரில் ஜிரோலாமோ மொன்தெசார்தோ என்பவர் எண்ணுக்குப் பதிலாக எழுத்துகளைப் போட்டுப் புத்தகம் அச்சிட்டார். கையை மேலே இழுப்பதா, கீழே இழுப்பதா என்பதற்கும் குறிப்பு உண்டு. இத்தாலியில் இந்த முறை தீயாகப் பரவியது. பாடல் வரிக்கு மேலே கார்டு எழுத்தைப் போட்டு ஏராளமான பாட்டுப் புத்தகங்கள் வந்தன.

படித்தவர்களுக்கு இது பிடிக்கவில்லை. 1611இல் ஸ்பானிய அகராதி தொகுத்த கோவரூபியாஸ், விஹுவேலா என்ற உயர்ந்த வாத்தியம் கைவிடப்பட்டுவிட்டதே, குதிரை லாயத்து ஆள்கூடக் கிட்டார் வாசிக்கிறானே என்று அகராதிக்குள்ளேயே அங்கலாய்த்திருக்கிறார். அகராதியில் புலம்புவதற்கும் ஒரு துணிச்சல் வேண்டும்!

ஆனால் அந்த லாயத்து ஆளின் விரல்களில் என்ன இருந்தது என்று பாருங்கள். ஜி மேஜர் கார்டில் ஜி, பி, டி என்று மூன்று சுரங்கள். ஐந்து கம்பிக் கிட்டாரில் அதைப் பிடித்தால் ஐந்தாம் கம்பியில் வருவது ஜி அல்ல, பி. பண்டிதர்கள் எப்போதும் அடியிலுள்ள சுரத்திலிருந்துதான் மேலே எண்ணுவார்கள். அடியில் ஜி இருந்தால் மேலே மூன்றாவதும் ஐந்தாவதும். அடியில் பி இருந்தால் மூன்றாவதும் ஆறாவதும். அவர்கள் கணக்கில் இரண்டும் வேறு வேறு. கிட்டார்காரருக்கோ எது அடியில் இருந்தாலும் அதே பிடி, அதே எழுத்து, அதே கார்டு. வீட்டில் யார் வாசலில் உட்கார்ந்திருந்தாலும் குடும்பம் ஒன்றுதானே!

இதே உண்மையை ஜெர்மனியில் யோஹன்னஸ் லிப்பியுஸ் 1612இல் ஏட்டில் எழுதினார். அதை விரிவான கோட்பாடாக்கி நிலைநிறுத்தியவர் பிரான்சின் ரமோ. அவருடைய இசைவு இயல் நூல் வெளிவந்தது 1722இல். மூன்று சுரங்களையும் எப்படி மாற்றி அடுக்கினாலும் மூலச் சுரம் ஒன்றே என்றார். கம்பியைப் பங்கிட்டால் பிறக்கும் ஒலிகளைக் கொண்டு காரணமும் காட்டினார். அமாத் காரணம் எதுவும் காட்டவில்லை. அந்தப் பெருமை ரமோவுக்கே. இருந்தாலும் கார்டு பாடத்தை ரமோவிலிருந்து தொடங்குவது எனக்கு ஒப்பவில்லை. 1722க்கு முன்பே மூன்று நான்கு தலைமுறைகள் அந்த உண்மையை விரலால் வாசித்துவிட்டன.

இன்னொரு வேடிக்கை. மொன்தெசார்தோ போட்ட ஏ, பி, சி எழுத்துகளுக்கும் சுரங்களின் பெயருக்கும் சம்பந்தமே கிடையாது. அவருடைய ஏ என்பது நம் ஜி மேஜர். பி என்பது சி மேஜர். சி என்பது டி மேஜர். பிள்ளைகளுக்குக் குழப்பம்தான். ஆனால் ஜி, சி, டி என்பதை ச, ம, ப என்று வைத்துப் பாருங்கள். எத்தனையோ எளிய பாட்டுகளுக்கு இந்த மூன்றே போதும். உங்கள் வீட்டுப் பேரனோ பேத்தியோ புதிதாகக் கிட்டார் வகுப்புக்குப் போனால், முதலில் எந்தக் கார்டுகளைச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இந்த மூன்றும் அதில் இருக்கும்.