டக்கார் நகரத்து அடுப்படிகள் சொல்லும் வரலாறு

2024ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம் திகதி பாரிஸ் நகரில் ஒரு மாநாடு நடைபெற்றது. ஆபிரிக்கக் குடும்பங்களுக்குப் புகையற்ற சமையல் எரிபொருளைக் கொண்டு சேர்ப்பதே அதன் நோக்கம். தன்சானிய ஜனாதிபதி சாமியா சுலுஹு ஹசனும் நோர்வேப் பிரதமரும் இணைத்தலைமை வகித்தவர்களுள் அடங்குவர். அரசாங்கங்களும் தனியார் நிறுவனங்களும் 2.2 பில்லியன் டொலர் தருவதாக அங்கு வாக்களித்தன. செய்திப் பத்திரிகைகள் இதனை ஒரு புதிய தொடக்கமாகவே எழுதின.

வாக்களிக்கப்பட்ட தொகையைக் கண்டு மகிழ்வதற்கு முன்னர் வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்ப்பது நல்லது என்பது என் கருத்து. ஏனெனில் இதே பணி ஆபிரிக்காவின் மேற்குக் கரையோரத்திலே ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னரே தொடங்கப்பட்டது, பெருவெற்றியும் பெற்றது, பின்னர் பாதியில் தளர்ந்தும் போனது.

1968ஆம் ஆண்டு முதல் சகாராப் பாலைவனத்தின் தென் விளிம்பை வாட்டிய கொடிய வறட்சியை மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மாலி, நைஜர், மொரிட்டானியா ஆகிய நாடுகளுடன் செனகலும் அதில் அகப்பட்டது. ஒருபுறம் மழை பொய்த்தது; மறுபுறம் தலைநகர் டக்காரின் அடுப்புகளுக்காகக் காடு எரிந்தது. நகரத்தார் எரித்தது பெரும்பாலும் மரக்கரி. ஒரு கிலோ கரியைப் பெறுவதற்குப் பல கிலோ மரத்தைச் சூளையில் இட வேண்டும். தலைநகரைச் சூழ்ந்த காடுகள் அருகியதும் கரி வெட்டுவோர் கிழக்கே தம்பகுண்டா வரை சென்றனர்.

இந்நிலையில்தான் 1974ஆம் ஆண்டு செனகல் அரசாங்கம் பியூட்டேன் எரிவாயுவை மக்கள் மத்தியில் பரப்பும் திட்டத்தை ஆரம்பித்தது. மக்களின் நுரையீரலைக் காட்டிலும் மரங்களைக் காப்பதே அன்றைய நோக்கமாக இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

அத்திட்டத்தின் சிறப்பு ஒரு சின்னஞ்சிறு பொருளில் அடங்கியிருந்தது. 2.75 கிலோ எரிவாயு கொள்ளும் சிறிய சிலிண்டரின் தலையிலேயே அடுப்பைப் பொருத்தி, அதன் மேல் பானையை ஏற்றினார்கள். குழாயும் வேண்டாம், மேடையும் வேண்டாம். பின்னர் 1983இல் பெரிய குடும்பங்களுக்கென 6 கிலோ சிலிண்டருக்கான அடுப்பு வந்தது. முதலில் உபகரணங்களுக்குச் சுங்கவரிச் சலுகை கிடைத்தது. அதனைத் தொடர்ந்து சிறிய சிலிண்டர்களுக்கு விலை மானியமும் வழங்கப்பட்டது.

அன்றாடம் உழைத்து அன்றாடம் உண்ணும் குடும்பம் எரிபொருளையும் அன்றாடமே வாங்குகிறது. அவ்வப்போது கொஞ்சம் கரி வாங்குபவரிடம் பெரிய சிலிண்டருக்குரிய பணத்தை ஒரே தடவையில் கேட்டால் அவர் எங்கே போவார்? இந்த உண்மையைச் சிறிய சிலிண்டர் மூலம் செனகல் புரிந்துகொண்டது. பலன் விரைவிலேயே தெரிந்தது. 1974இல் ஆண்டுக்கு 3,000 தொன்னுக்கும் குறைவாக இருந்த எரிவாயு நுகர்வு, 1987இல் 15,000 தொன்னாகவும், புத்தாயிரமாம் ஆண்டளவில் ஏறத்தாழ 100,000 தொன்னாகவும் உயர்ந்தது.

ஆயினும் இவ்வெற்றியில் இரண்டு குறைகள் இருந்தன. முதலாவது, பயன் பெரும்பாலும் நகரங்களோடு நின்றுவிட்டது. கிராமத்துப் பெண் தொடர்ந்தும் விறகுச் சுமையையே தலையில் ஏற்றினாள். இரண்டாவது, மானியச் சுமை முழுவதும் திறைசேரியின் தோளில் இருந்தது. 1994 ஜனவரியில் சீஃபா பிராங்க் நாணயத்தின் பெறுமதி பிரெஞ்சு பிராங்குக்கு எதிராகப் பாதியாகக் குறைக்கப்பட்டபோது, இறக்குமதிப் பொருட்களின் விலை ஏறியது. அச்சுமையும் கனத்தது. 1998 முதல் மானியத்தைப் படிப்படியாகக் குறைக்கத் தொடங்கிய அரசாங்கம், 2009இல் அதனை முற்றாக நீக்கியது. எரிவாயு நுகர்வு சரிந்தது. டக்கார் குடும்பங்களில் ஒரு பகுதி மீண்டும் கரி மூட்டையிடமே திரும்பியது.

அடுப்படி பின்னோக்கிச் செல்லாது என நம்புவோர் 2022ஆம் ஆண்டை நினைத்துப் பார்க்க வேண்டும். டொலர் தீர்ந்ததும் எமது நாட்டில் எரிவாயு வரிசைகள் தெருக்களை அடைத்தன. நகரத்து வீடுகளிலும் விறகு அடுப்பு மூண்டது. வாங்க முடியாத எரிபொருளும் கிடைக்காத எரிபொருளும் சமையலுக்கு ஒன்றுதான்.

செனகலுடன் இக்கதை முடியவில்லை. கானா 1990இல் தனது எரிவாயுத் திட்டத்தைத் தொடங்கியது. குடும்பங்களுக்கெனக் குறைந்த விலையில் வைக்கப்பட்ட எரிவாயுவை, பெற்றோல் விலை ஏறியபோது டக்சிச் சாரதிகள் தம் வாகனங்களுக்கு நிரப்பிக்கொண்டனர். கென்யாவிலோ வரி ஊசலாடியது. 2016இல் எரிவாயு மீதான பெறுமதி சேர் வரி நீக்கப்பட்டது; 2021 ஜூலையில் 16 வீத வரி மீண்டும் விதிக்கப்பட்டது; 2022இல் அது 8 வீதமாகி, 2023இல் மறுபடியும் நீக்கப்பட்டது. ஏழாண்டுகளில் நான்கு முடிவுகள்! இப்படி மாறும் விலையை நம்பி எந்த ஏழைத் தாய் புதிய அடுப்பு வாங்கத் துணிவாள்?

இதனைக் கணக்குப் பிரச்சினையாக மட்டும் பார்த்துவிடக் கூடாது. வீட்டு அடுப்புப் புகையினால் 2020ஆம் ஆண்டில் மாத்திரம் உலகெங்கும் 3.2 மில்லியன் பேர் மரணமடைந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அடுப்பருகே அதிக நேரம் இருப்போர் பெண்களும் அவர்தம் மடியில் இருக்கும் குழந்தைகளுமே.

மானியமே கூடாது என வாதிடுவோருக்குச் செனகலின் முதல் இருபத்தைந்து ஆண்டுகள் பதில் சொல்லும். மானியம் மட்டும் போதும் என்போருக்கு அடுத்த பத்து ஆண்டுகள் பதில் சொல்லும். மானியம் உண்மையான ஏழைகளைச் சென்றடைய வேண்டும். அதற்கான வருவாய் நிலையாக இருக்க வேண்டும். விலக்குவதாயின் மாற்று வழி முன்கூட்டியே ஆயத்தமாக இருக்க வேண்டும். பாரிஸில் வாக்களிக்கப்பட்ட கோடிகளின் பெறுமதி அடுப்புகளை வழங்கும் விழாக்களில் தெரியாது. விழா முடிந்து பத்து ஆண்டுகளின் பின்னர், அக்குடும்பம் தனது சொந்தப் பணத்தில் அடுத்த சிலிண்டரை வாங்குகிறதா என்பதில்தான் அது தெரியும்.