அந்தப் புள்ளி ஒன்று

1974 நவம்பரில் ‘எர்த்குவேக்’ படம் வெளியானபோது, ஹாலிவுட்டின் சைனீஸ் தியேட்டரில் பார்வையாளர்களின் தலைக்கு மேலே வலை கட்டியிருந்தார்கள். அது நல்ல விளம்பரமாகவும் அமைந்தது. ஆனால் கட்ட நேர்ந்ததற்குக் காரணம், சோதனை ஓட்டத்தின்போது கூரையிலிருந்து காரை பெயர்ந்து விழுந்ததுதான். திரையில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் ஆடும்போது அரங்கின் நாற்காலியும் கூடவே ஆட வேண்டும் என்று யுனிவர்சல் நிறுவனம் ஆசைப்பட்டது. செர்வின்-வேகா என்ற ஸ்பீக்கர் கம்பெனியோடு சேர்ந்து அது உருவாக்கிய ஏற்பாட்டின் பெயர் ‘சென்சரவுண்ட்’.

அதில் ஒரு வேடிக்கை உண்டு. நிலநடுக்கத்தின் உறுமல் படச்சுருளில் பதிவாகவே இல்லை. அன்றைய ஒலித்தடத்தால் அவ்வளவு கீழான அதிர்வெண்களைத் தாங்க முடியாது. அதனால் காதுக்கு எட்டாத கட்டளை ஒலிகளை மட்டும் படத்தில் பதித்தார்கள். தியேட்டரில் வைத்திருந்த ஒரு பெட்டி அந்தக் கட்டளையைப் பிடித்து, தானே ஓர் இரைச்சலை உண்டாக்கி, ஆளுயரக் கொம்பு ஸ்பீக்கர்களுக்கு அனுப்பியது. ஒலியழுத்தம் 110 டெசிபலைத் தாண்டியது. பக்கத்து அரங்கில் ‘காட்ஃபாதர்’ இரண்டாம் பாகம் பார்த்தவர்கள், மாஃபியா குடும்பத்தின் அமைதியான உரையாடல்களுக்கு நடுவே பூமி அதிர்வதாகப் புகார் செய்தார்கள். இந்தக் கருவிகளை வாரம் 500 டாலர் வாடகைக்குத்தான் தியேட்டர்காரர்கள் எடுத்தார்கள். படம் மாறியதும் பெட்டிகள் திரும்பிப் போயின. ‘மிட்வே’, ‘ரோலர்கோஸ்டர்’ என்று இன்னும் சில படங்களோடு சென்சரவுண்ட் கதை முடிந்தது.

ஆனால் அது போட்ட பாதை மறையவில்லை. படத்தின் மற்ற ஒலிகள் ஒரு வழியில் வர, அடி அதிர்வு மட்டும் வேறு வழியில் வரும் என்ற ஏற்பாடு அன்றிலிருந்து இன்றுவரை தொடர்கிறது. பெரிய வீட்டின் பின்கட்டில் தனி வாசல் வைத்துக் குடியிருக்கும் ஒண்டுக்குடித்தனம்போல, சப்வூஃபருக்குத் தனி ஆம்ப்ளிஃபயர், தனி சேனல், தனி கேபிள், தனி மெனு. “எல்லா ஸ்பீக்கரும் பாடுது, வூஃபர் மட்டும் கம்முனு கிடக்கு” என்று மெக்கானிக் கடைக்கு வரும் புகாருக்கு வேர் அந்தத் தனி வழியில்தான் இருக்கிறது. ஐம்பது ஆண்டுகளில் ஒவ்வொரு தலைமுறையும் அந்த வழியில் ஒரு சுவிட்சைச் சேர்த்துவிட்டுப் போனது. அதில் எது மூடியிருந்தாலும் பெட்டி பேசாது.

காந்தத்துக்கு நடுவே கம்பிச்சுருள் அசைந்து காகிதக் கூம்பைத் தள்ளும் இன்றைய ஸ்பீக்கரின் அடிப்படை, 1925ல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாகும் வெளியிட்ட ஆய்வில் உறுதிப்பட்டது. கீழ் சுரங்கள் அப்போதே தொல்லையாக இருந்தன. அதிர்வெண் குறையக் குறைய, அதே சத்தம் கேட்க மிக அதிகமான காற்றைத் தள்ள வேண்டும். கூம்பு பெரிதாக வேண்டும், பெட்டி அதைவிடப் பெரிதாக வேண்டும். 1954ல் அமெரிக்காவின் எட்கர் வில்ச்சர், காற்றுப் புகாமல் அடைத்த சிறிய பெட்டிக்குள் இருக்கும் காற்றையே கூம்புக்கு ஸ்பிரிங்காகப் பயன்படுத்தி ஏஆர்-1 என்ற ஸ்பீக்கரைக் கொண்டுவந்தார். புத்தக அலமாரியில் அடங்கும் பெட்டியிலிருந்து ஆழமான பாஸ் கிடைத்தது. 1961ல் ஆஸ்திரேலியாவின் நெவில் தீல், துளை வைத்த பெட்டிகளுக்கான கணக்கை எழுதினார். எழுபதுகளின் தொடக்கத்தில் ரிச்சர்ட் ஸ்மால் அதை விரிவாக்கினார். எந்த ஸ்பீக்கருக்கு எத்தனை லிட்டர் பெட்டி என்பதை ஊகிக்காமல் கணக்கிட முடிந்தது அதன் பிறகுதான்.

பாஸை மட்டும் பிரித்து ஒரு தனிப் பெட்டிக்குக் கொடுத்துவிடலாம் என்ற எண்ணம் அறுபதுகளின் இறுதியில் வலுத்தது. 1968ல் தொடங்கிய இன்ஃபினிட்டி நிறுவனத்தின் முதல் தயாரிப்பான ‘சர்வோ-ஸ்டாட்டிக்’, 18 அங்குல வூஃபரைத் தனியாக நிறுத்தியது. லாஸ் ஏஞ்சல்ஸில் கென் கிரைசல் செய்த சப்வூஃபரை, ‘ஸ்டீலி டான்’ இசைக்குழு தன் ‘ப்ரெட்சல் லாஜிக்’ தொகுப்பின் ஒலிக்கலவைக்குப் பயன்படுத்தியது. இதற்கெல்லாம் இயற்கையும் இடம் கொடுத்தது. 80 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் நாலேகால் மீட்டருக்கும் சற்று அதிகம். அவ்வளவு நீண்ட அலை எந்த மூலையிலிருந்து வருகிறது என்று மனிதக் காதால் பிரித்தறிவது கடினம். ஆகவே இடம், வலம் என்று இரண்டு வேண்டாம். ஒரு பெட்டி போதும், அதையும் சோபாவுக்குப் பக்கத்திலோ டிவி ஸ்டாண்டுக்கு அடியிலோ தள்ளிவிடலாம்.

சினிமாவில் அடுத்த திருப்பம் 1977. எழுபது எம்எம் பிரதியில் ஆறு காந்த ஒலித்தடங்கள் உண்டு. அதில் ஐந்து, திரைக்குப் பின்னால் வரிசையாக நிற்கும் ஐந்து ஸ்பீக்கர்களுக்கானவை. ‘ஸ்டார் வார்ஸ்’ படத்துக்கு மூன்று போதும் என்று முடிவு செய்தபோது, நடுவே இரண்டு தடங்கள் சும்மா கிடந்தன. டால்பி பொறியாளர்கள் அந்த இரண்டிலும் அடி அதிர்வுகளை மட்டும் நிரப்பினார்கள். தலைக்கு மேலே விண்கப்பல் கடந்துபோகும் அந்த முதல் காட்சியின் உறுமலுக்கு அது உதவியது. ‘பேபி பூம்’ என்று அந்த ஏற்பாட்டுக்குச் செல்லப்பெயரும் வந்தது. சென்சரவுண்டில் படத்துக்கு வெளியே நின்ற பாஸ் இப்போது படச்சுருளுக்குள் வந்துவிட்டது. வந்தாலும் தனித் தடத்தில்தான். 1979ல் ‘அபோகலிப்ஸ் நவ்’ படத்துக்காக ஜான் மேயரின் நிறுவனம் தனியாகவே சப்வூஃபர்களைச் செய்துகொடுத்தது. தமிழில் ரஜினிகாந்த் நடித்த ‘மாவீரன்’ 1986ல் எழுபது எம்எம் பிரதியும் ஆறு தட ஒலியுமாக வந்தது.

1987ல் அமெரிக்கத் திரைப்பட, தொலைக்காட்சிப் பொறியாளர் சங்கத்தின் கூட்டம் ஒன்றில், இனி வரப்போகும் டிஜிட்டல் ஒலிக்கு எத்தனை சேனல் வேண்டும் என்ற விவாதம் நடந்தது. லூகாஸ்ஃபிலிமில் டிஎச்எக்ஸ் தரத்தை வகுத்த டாம்லின்சன் ஹோல்மன் “ஐந்து புள்ளி ஒன்று” என்றார். இடம், நடு, வலம், பின்னால் இரண்டு என ஐந்து முழுச் சேனல்கள். பாஸ் சேனல் 120 ஹெர்ட்ஸ் வரை போனால் போதும் என்பதால், முழுச் சேனலுக்கு ஆகும் டேட்டாவில் கிட்டத்தட்ட இருநூற்றில் ஒரு பங்குதான் அதற்குத் தேவை. கறாராகச் சொன்னால் 5.005. சொல்ல வசதியாக அது 5.1 ஆயிற்று. 1992ல் ‘பேட்மேன் ரிட்டர்ன்ஸ்’ டால்பி டிஜிட்டலிலும், 1993ல் ‘ஜுராசிக் பார்க்’ டிடிஎஸ்ஸிலும் அந்தப் புள்ளி ஒன்றோடு வந்தன. தமிழ்நாட்டில் 1995ல் ‘குருதிப்புனல்’ டால்பி ஒலியோடும், அடுத்த ஆண்டே ‘கருப்பு ரோஜா’ டிடிஎஸ்ஸோடும் வந்தன.

அந்தப் புள்ளி ஒன்று பாஸ் சேனலின் பெயர் எல்எஃப்இ (லோ ஃப்ரீக்வென்சி எஃபெக்ட்ஸ்). வீட்டில் சப்வூஃபர் ஊமையாகும் கதையில் பாதி, இந்த மூன்றெழுத்தைத் தவறாகப் புரிந்துகொண்டதால் வருவது. படத்தில் உள்ள எல்லா பாஸும் எல்எஃப்இயில் இருப்பதில்லை. வெடிப்பு, இடி, டைனோசரின் காலடி போன்ற கூடுதல் அதிர்வுகளுக்கு மட்டுமே அது. இசையின் பாஸ் கிட்டாரும் மிருதங்கத்தின் தொப்பியும் பெரும்பாலும் மற்ற ஐந்து சேனல்களில் இருக்கும். அது மட்டுமல்ல, 5.1 ஒலியை இரண்டு சேனலாகச் சுருக்கும்போது எல்எஃப்இயை வழக்கமாக விட்டுவிடுகிறார்கள். சின்ன டிவி ஸ்பீக்கரால் அந்த அடியைத் தாங்க முடியாது என்பது காரணம். கதைக்கு அவசியமான பாஸை முக்கியச் சேனல்களிலும் வையுங்கள் என்று ஒலிக்கலவை செய்பவர்களுக்குச் சொல்வது இதனால்தான்.

புள்ளி ஒன்று வீட்டுக்குள் வந்தது 1995ல், லேசர் டிஸ்க் வழியாக. 1996ல் ஜப்பானிலும் 1997ல் அமெரிக்காவிலும் டிவிடி வந்ததும் அது நடுத்தர வர்க்கத்தின் கைக்கு எட்டியது. கூடவே ஏவி ரிசீவரின் மெனுவில் ஒரு கேள்வியும் வந்தது: முன் ஸ்பீக்கர்கள் ‘லார்ஜ்’ வகையா, ‘ஸ்மால்’ வகையா? இடுப்பளவு ஸ்பீக்கர் வாங்கியவருக்கு அதை ஸ்மால் என்று ஒப்புக்கொள்ள மனம் வராது. லார்ஜ் என்று வைத்துவிடுவார். உடனே ரிசீவர், எல்லா பாஸையும் அந்த ஸ்பீக்கர்களே பார்த்துக்கொள்ளும் என்று எடுத்துக்கொண்டு சப்வூஃபருக்கு எல்எஃப்இயை மட்டும் அனுப்பும். பாட்டு சிடி போட்டால் அதில் எல்எஃப்இயே கிடையாது. சப்வூஃபர் மௌனம். பழுது எதுவும் இல்லை. ஸ்மால் என்று மாற்றி, பிரிப்பு எல்லையை டிஎச்எக்ஸ் பரிந்துரைத்த 80 ஹெர்ட்ஸில் வைத்தால் பெட்டி பேசத் தொடங்கிவிடும்.

நம் ஊரில் இந்தச் சிக்கல் தாமதமாகவே வந்தது. காரணம் விசிடி. தொண்ணூறுகளின் இறுதியிலும் இரண்டாயிரத்தின் தொடக்கத்திலும் தமிழ் வீடுகளில் ஓடிய விசிடியில் இருப்பது வெறும் ஸ்டீரியோ. சென்னை ரிச்சி தெருவில் போர்டும் டிரான்ஸ்ஃபார்மரும் வாங்கி உள்ளூர் மெக்கானிக்குகள் அசெம்பிள் செய்துகொடுத்த செட்களில் பலவும், இடத்தையும் வலத்தையும் கூட்டி, ஒரு ஃபில்டர் வழியாக வடிகட்டி வூஃபருக்குக் கொடுத்தன. எல்எஃப்இ என்றால் என்னவென்றே அந்த போர்டுக்குத் தெரியாது. அதனாலேயே விசிடி, ரேடியோ, டிவி என்று எதைக் கொடுத்தாலும் வூஃபர் அதிர்ந்தது. அதே வீட்டில் விலை உயர்ந்த டிஜிட்டல் ரிசீவர் வந்தபோதுதான் “பழைய செட்டே தேவலாம்” என்ற பேச்சு எழுந்தது.

பிறகும் சுவிட்சுகள் கூடின. சிக்னல் வராதபோது தானே உறங்கிவிடும் ‘ஆட்டோ’ வசதி ஒன்று. காத்திருக்கும்போது கருவிகள் குடிக்கும் மின்சாரத்துக்கு 2008ல் ஐரோப்பிய ஒன்றியம் வரம்பு விதித்ததும், உலகச் சந்தைக்குச் செய்யும் கம்பெனிகள் மின்சிக்கனத்தில் இன்னும் கண்டிப்பாயின. இரவில் ஒலியைக் குறைத்துப் படம் பார்க்கும்போது, வரும் சிக்னல் விழிப்பு எல்லையைத் தொடாமல் போகும். பெட்டி தூங்கிக்கொண்டே இருக்கும். அடுத்து சவுண்ட்பார் காலம். அதில் சப்வூஃபருக்கு சிக்னல் ஒயரில்லாமல் வருகிறது. கரண்ட் போய் வந்தால் இரண்டுக்கும் இடையே இணைப்பு அறுந்துபோவதுண்டு. 2012 டிசம்பரில் ‘சிவாஜி 3டி’ டால்பி அட்மாஸில் வந்தது. தலைக்கு மேலும் ஸ்பீக்கர் வைத்த அந்த முறையும் புள்ளி ஒன்றைக் கைவிடவில்லை.

இந்த வரலாற்றைத் தெரிந்த மெக்கானிக், பழுது பார்க்கும்போது காலத்தில் பின்னோக்கி நடப்பார். முதலில் டிவி. அதன் ஒலி வெளியீடு ‘பிசிஎம்’ என்று இருந்தால், பல டிவிகள் இரண்டு சேனலை மட்டுமே அனுப்பும்; அங்கேயே எல்எஃப்இ உதிர்ந்துவிடும். ‘பிட்ஸ்ட்ரீம்’ அல்லது ‘ஆட்டோ’ என்று மாற்ற வேண்டும். சவுண்ட்பார் என்றால் சப்வூஃபரின் விளக்கு சீராக எரிகிறதா, கண்சிமிட்டுகிறதா என்று பார்த்து மறுபடி இணைக்க வேண்டும். அடுத்து ஆட்டோ சுவிட்சை ‘ஆன்’ நிலைக்குத் தள்ளிப் பார்ப்பது. அதற்கும் அடுத்து ரிசீவர் மெனு: சப்வூஃபர் ‘யெஸ்’ என்று இருக்கிறதா, ஸ்பீக்கர்கள் ஸ்மாலா, சோதனை ஒலியை ஓடவிட்டால் என்ன ஆகிறது.

மெனுவில் தப்பில்லை என்றால் கேபிள். ரிசீவர் பக்கத்து முனையைக் கழற்றி, சப்வூஃபரின் ஒலியளவைக் குறைவாக வைத்து, நடு ஊசியை விரலால் தொட்டால் “ம்ம்ம்” என்று ஹம் கேட்க வேண்டும். கேட்டால் கேபிளும் ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் உயிரோடு இருக்கின்றன. தவறு ரிசீவர் பக்கம். கேட்காவிட்டால் வேறு கேபிள் போட்டுப் பார்த்துவிட்டு, ஃபியூஸ். பெட்டியின் முதுகில் பதித்த ஆம்ப்ளிஃபயர் சூட்டிலும் அதிர்விலும் ஆண்டுக்கணக்கில் கிடப்பதால், உள்ளே கண்டன்சர்கள் தலை உப்பிப்போயிருப்பது வழக்கம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டன்சர்களில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால் அந்த வேலை பழகிய கைக்குத்தான்.

எல்லாம் சரியாக இருந்தும் உட்கார்ந்த இடத்தில் பாஸ் கேட்கவில்லை என்றால், குற்றவாளி அறையாக இருக்கலாம். நான்கு மீட்டர் முப்பது சென்டிமீட்டர் நீள அறையில் 40 ஹெர்ட்ஸ் அலை எதிரெதிர்ச் சுவர்களில் மோதி, நட்டநடுவில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அங்கே சோபா போட்டிருப்பவருக்கு வெடிச்சத்தம் சப்பென்று போகும்; சுவரோரம் நிற்பவருக்கு வயிறு அதிரும். சப்வூஃபரை சோபாவில் தூக்கி வைத்து, பாட்டை ஓடவிட்டு, தரையில் தவழ்ந்தபடி எங்கே பாஸ் நிறைவாகக் கேட்கிறது என்று தேடி, அந்த இடத்தில் பெட்டியை வைப்பது உலகெங்கும் ஒலிப்பிரியர்கள் செய்யும் வைத்தியம்.

கடைசியாக, 1925ன் கம்பிச்சுருள். ஸ்பீக்கரின் ஒயரை ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றி, ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டெடுத்தால் கூம்பு ‘டக்’கென்று துள்ள வேண்டும். மல்டிமீட்டரில் 4 ஓம் ஸ்பீக்கர் மூன்றுக்குச் சற்று மேலேயும், 8 ஓம் ஸ்பீக்கர் ஆறுக்குப் பக்கத்திலும் காட்டும். முள் அசையவே இல்லை என்றால் காயில் அறுந்துவிட்டது. அப்போது ரீ-காயில் செய்யலாம், அல்லது அளவு பார்த்து வேறு ஸ்பீக்கர் மாட்டலாம். அங்குலம் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. ஓம், வாட் கணக்கோடு தீலும் ஸ்மாலும் வகுத்த எண்களும் அந்தப் பெட்டியின் லிட்டருக்குப் பொருந்த வேண்டும்.