தூம்பும் நாற்றமும்

நாற்றம் என்னும் சொல் பழந்தமிழில் நறுமணத்தையும் குறித்தது. இன்று தீய வாடையை மட்டுமே சுட்டுகிறது. மணிமேகலையின் கச்சிமாநகர் புக்க காதையில் வஞ்சி நகரத்து அகழி வருணிக்கப்படுகிறது. மனைகளில் மாதர் ஆடிய நறுநீர் சுருங்கைத் தூம்பின் வழியே அகழியில் கலக்க, அங்கு வாழும் முதலையும் மீனும் தம் புலால் வாடை நீங்கினவாம். கழிவுநீர் மணந்ததாகக் கூறும் இப்பகுதி, அக்காலத்தே நிலத்தடி வடிகால் அறியப்பட்டிருந்தமைக்கும் சான்றாகிறது.

நம் குளியலறைகளில் நிலைமை வேறு. எவ்வளவு கழுவினும் போகாத வாடை எங்கிருந்து வருகிறது? இதற்கு விடை தேடினால் 1775ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும். அவ்வாண்டில் இலண்டனில் கடிகாரத் தொழில் செய்துவந்த அலெக்சாண்டர் கம்மிங் என்பார், கழிப்பறைக் குழாயை வளைத்து, அவ்வளைவில் எப்போதும் சிறிது நீர் தங்குமாறு அமைத்துக் காப்புரிமை பெற்றார். அந்நீரே சாக்கடைக் காற்றுக்குத் தாழ்ப்பாள். நம்மூர்ப் பிளம்பர்கள் குளியலறைத் தரையில் பதிக்கும் ‘நானி ட்ராப்’ இதன் வழிவந்ததே. அதில் நிற்பது ஏறக்குறைய இரண்டு அங்குல நீர்தான்.

நாற்றமே நோயைத் தரும் என்று 19ஆம் நூற்றாண்டில் பலரும் நம்பினர். 1854இல் ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர், காலரா பரவுவது நீரால் என்று காட்டியும் அந்நம்பிக்கை உடனே அகலவில்லை. 1858 கோடையில் தேம்ஸ் ஆற்றின் நாற்றம் நாடாளுமன்றத்தையே திணறடித்த பின்னரே, பேசல்கெட்டின் பெரும் வடிகால் திட்டத்துக்கு வழி பிறந்தது. காரணத்தைத் தவறாகக் கொண்டும் சரியான பணியைச் செய்தனர் எனலாம்.

வாடை நோயன்று, ஆயினும் அடைபட்டிருக்க வேண்டிய வழி திறந்துள்ளது என அறிவிக்கும் தூதாகலாம். 2003இல் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் ஏப்ரல் நடுப்பகுதிக்குள் 321 பேரைச் சார்ஸ் நோய் பற்றியது. அங்குள்ளோர் குளியலறைத் தரையை நீர் ஊற்றிக் கழுவாமல் துடைத்தே வந்தமையால் தரைக்குழாய் வளைவுகள் வறண்டிருந்தன. காற்றை வெளியேற்றும் விசிறி சுழன்றபோது கழிவுக் குழாயின் நுண்துளிகள் அவ்வழியே உள்ளே ஈர்க்கப்பட்டன என்று ஆய்ந்தவர்கள் கருதினர்.

திருநின்றவூர் பூசலார் மனத்துள் எழுப்பிய கோயிலிலும் கிணறும் குளமும் இருந்ததாகச் சேக்கிழார் பாடுகிறார். கல்லும் மண்ணும் கொண்டு கட்டும் நாமோ, நீர் வரும் வழியைப் போலவே போகும் வழியையும் எண்ணியாக வேண்டும். கோடையில் பூட்டிக் கிடந்த வீட்டில் வாடை அடித்தால், முதலில் ஒவ்வொரு தரைக்குழாயிலும் ஒரு குவளை நீர் ஊற்றிப் பார்க்கலாம். வாடை அடங்கினால் வறட்சியே காரணம். அடங்காவிடில் சல்லடையைத் தூக்கி, முடியும் சோப்புப் படலமும் சேர்ந்துள்ளனவா என நோக்குக. கழிப்பறையில் நீர் இறங்கும்போதெல்லாம் தரைக்குழாய் களகளவென ஒலித்தால், காற்றுக்குழாய் இல்லை அல்லது அடைபட்டிருக்கிறது. இறங்கும் நீர் வளைவின் நீரையும் உறிஞ்சிச் செல்கிறது என்று பொருள். கழிப்பறைப் பீடத்தின் அடியில் கசிவு உண்டா என்பதையும் காண்க.

தேடல் செப்டிக் டேங்கின் மூடியை அடைந்தால், அங்கே நின்றுவிட வேண்டும். அழுகிய முட்டை வாடையுள்ள ஹைட்ரஜன் சல்பைடு, செறிவு மிகும்போது முகரும் ஆற்றலையே மழுங்கடித்துவிடும். வாடை இல்லை என்று நம்பி இறங்கியவர் மீள்வது அரிது. போதிய பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. 2014இல் 10 லட்சம் ரூபாய் என விதித்த உயிரிழப்பு இழப்பீட்டை, உச்சநீதிமன்றம் 2023இல் 30 லட்சமாக உயர்த்தியது. தொட்டியைத் துப்புரவு செய்ய எந்திரமே வரவேண்டும், மனிதர் அல்லர். நம் வீட்டு வாடை நீங்க, பிறிதொரு வீட்டின் விளக்கு அணையலாகாது.