யாருடைய குடி நோய்? – பழனிமலையும் மறுவாழ்வு இல்லங்களும்

குடிக்கிற மனிதனை இரண்டு விதமாகப் பார்க்க இந்தச் சமூகம் பழகி வைத்திருக்கிறது. காசுள்ளவன் குடித்தால் அது நோய். அவனுக்கு டாக்டர் உண்டு, கவுன்சிலிங் உண்டு, மலைக்காற்றும் ஓய்வும் உண்டு. சேரிக்காரன் குடித்தால் அது பிறவிக்குணம். 'அந்தச் சனமே அப்படித்தான்' என்று ஒரே வார்த்தையில் கதையை முடித்துவிடுவார்கள். குடிநோயாளிகளை உள்ளே தங்கவைத்துச் சிகிச்சை தருகிற இல்லங்களின் வரலாற்றைப் பேச உட்கார்ந்தால் முதலில் எதிரே வந்து நிற்பது இந்த இரட்டைப் பார்வைதான். இதைப் புரிந்துகொள்ளப் பழனிமலைத் தொடரும் கொடைக்கானலும் பொருத்தமான இடம். உடம்பைத் தேற்றிக்கொள்வதற்கென்றே உண்டாக்கப்பட்ட ஊர் அது.

1821இல் வார்டு என்ற வெள்ளைக்கார அதிகாரி இந்த மலையை அளந்தார். சமவெளியில் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் தம் ஆட்களைப் பறிகொடுத்த மதுரை அமெரிக்க மிஷன் பாதிரிமார்கள் 1845இல் ஏழாயிரம் அடி உயரத்தில் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். ஒன்று சன்னிசைடு, இன்னொன்று ஷெல்டன். 1863இல் மதுரைக் கலெக்டராக இருந்த வியர் லெவிஞ்சு ஏரியை உண்டாக்கினார். நோயாளியை ஊரிலிருந்து அகற்று, நல்ல காற்றில் வை, நேரத்துக்குச் சாப்பாடு கொடு, ஓய்வு கொடு. கொடைக்கானல் பிறந்த தத்துவம் இதுதான்.

நோயாளி எப்படி மேலே போனான்? வத்தலக்குண்டு வழியாக மோட்டார் சாலை வருவதற்கு முன்னால் பெரியகுளம் பக்கத்திலிருந்து வெள்ளகவி வழியாக நடைபாதைதான். துரைசாணிகளும் பிள்ளைகளும் நாற்காலியிலும் டோலியிலும் போனார்கள். வீடு கட்டியவர் பெயர், ஏரி வெட்டியவர் பெயர் எல்லாம் வரலாற்றில் இருக்கிறது. தோளில் வைத்துச் சுமந்தவன் 'கூலி' என்ற ஒற்றைச் சொல்லாக நின்றுவிட்டான். மலை காலியாகவும் கிடக்கவில்லை. பளியர்கள் இருந்தார்கள், புலையர்கள் இருந்தார்கள். குன்னுவர்களின் நிலத்தில் புலையர்கள் கிட்டத்தட்ட அடிமைகளாக உழைத்ததை ஆங்கிலேயர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். ஒருவன் தேற, இன்னொருவன் சுமக்க வேண்டியிருந்தது. இதை மனசில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

ஊரைவிட்டு அகற்றி ஒரு வீட்டுக்குள் வைத்துத் தேற்றுவது என்ற இதே எண்ணம் பின்னாளில் குடிக்கும் வந்தது. 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரத்தில் குடியை விட முயன்ற இரண்டு பேர் தொடங்கியதுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். 1949இல் மின்னசோட்டா மாநிலத்தில் ஹேசல்டன் என்ற தங்கிச் சிகிச்சை பெறும் இல்லம் வந்தது. 1956இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் குடியடிமைத்தனத்தை நோய் என்று ஏற்றுக்கொண்டது. 28 நாள் உள்ளே தங்கும் முறை அங்கிருந்துதான் உலகமெல்லாம் பரவியது. சம்பளத்தோடு லீவு கிடைக்கிறவனுக்கு 28 நாள் பெரிசில்லை. அன்னாடக் கூலிக்கு அது 28 நாள் பட்டினி.

சென்னைக்கு இந்த முறையைக் கொண்டுவந்தவர் சாந்தி ரங்கநாதன். டி.டி.கே. தொழில் குடும்பத்து மருமகள். கணவர் ரங்கநாதன் குடிநோயால் 1979இல் இறந்துபோனார். அடுத்த வருசமே, 1980இல், அவர் பெயரில் ஒரு ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். டி.டி.கே. மருத்துவமனை என்று சனங்கள் அறிந்த இடம் அதுதான். 1992இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. வசதியுள்ள வீட்டிலும் குடி ஆளைக் கொல்லும் என்பதை மறைக்காமல், அந்தத் துக்கத்தைப் பொதுக்காரியமாக மாற்றிய பெண் என்ற வகையில் அவருக்கு நம் மரியாதை உண்டு.

அவர்கள் செய்த இன்னொரு வேலைதான் நமக்கு முக்கியம். 1989இல் அன்றைய தஞ்சை மாவட்டத்து மஞ்சக்குடி கிராமத்தில் முகாம் போட்டார்கள். நோயாளியைப் பட்டணத்துக்கு இழுக்காமல், டாக்டரும் ஆலோசகரும் கிராமத்துக்குப் போய் 15 நாள் தங்கிச் சிகிச்சை தந்தார்கள். பெண்டாட்டியையும் வீட்டாரையும் கூப்பிட்டு வைத்துப் பேசினார்கள். முகாம் முடிந்த பிறகும் தொடர்ந்து வந்து பார்த்தார்கள். ஏழைக்குச் சிகிச்சை எட்டாது என்ற பேச்சுக்கு முப்பது வருசத்துக்கு முன்னாலேயே பதில் கிடைத்துவிட்டது. பெரிய கட்டடம் வேண்டாம், மலைக்காற்று வேண்டாம். ஊர் மனசு வைத்தால் ஒரு மண்டபம் போதும்.

அந்தப் பதிலை அரசு ஏன் எடுத்துக்கொள்ளவில்லை? நம் சனங்களுக்கும் குடிக்கும் உள்ள உறவு எப்படி உண்டானது என்று பார்த்தால் இதற்கு விடை தெரியும். பிணம் தூக்க, குழி வெட்ட, சாவுக்குப் பறை அடிக்க, சாக்கடையில் இறங்க என்று எந்த வேலையைச் சாதி நம் தலையில் கட்டியதோ, அந்த வேலைக்கான கூலியில் ஒரு பங்கைச் சாராயமாகவே கொடுக்கிற வழக்கமும் கூடவே வந்தது. மூக்கு உணர்வோடு மலக்குழிக்குள் எவனும் இறங்க முடியாது. இறங்க வைப்பதற்காகவே ஊற்றிக் கொடுத்தார்கள். பிறகு அவனையே குடிகாரப் பய என்றார்கள்.

இன்னொரு பக்கம் அரசாங்கத்தின் கல்லாப்பெட்டி. 1886ஆம் வருசத்து மதராஸ் ஆப்காரிச் சட்டம் கள்ளையும் சாராயத்தையும் சர்க்கார் வருமானமாக்கியது. 1937இல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1948இல் அது மாகாணம் முழுக்க வந்தது. 1971இல் கருணாநிதி அரசு அதைத் தளர்த்தி 1974இல் மறுபடியும் மூடியது. 1981இல் எம்.ஜி.ஆர். அரசு கடையைத் திறந்தது. 1983இல் டாஸ்மாக் பிறந்தது. 2003இல் சில்லறைக் கடைகளும் அதன் கைக்கே வந்தன. 2023-24இல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்த வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். மூடினாலும் திறந்தாலும் குடிநோயாளியின் உடம்பைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. மூடியபோது அவன் குற்றவாளி, திறந்தபோது வாடிக்கையாளன். நோயாளி என்ற இடம் அவனுக்கு இரண்டு காலத்திலும் கிடைக்கவில்லை.

மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான ஆய்வு இதை எண்ணிக்கையில் சொல்கிறது. இந்தியாவில் குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார். உள்ளே தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேரில் ஒருவர்தான். மீதி 179 பேர் யாராக இருப்பார்கள் என்று தோழர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அந்த 180இல் ஒருவராக உள்ளே போனவர் என் தாய்மாமா. கொடைக்கானலில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். சீசன் நேரத்தில் விடுதிகளின் செப்டிக் டேங்க் நிரம்பினால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கையில் காசு, கூடவே ஒரு குவார்ட்டர். இருபது வருசத்தில் குடி அவரைத் தின்றுவிட்டது. 2019இல் அத்தை தோட்டை அடகு வைத்து, மலையடிவாரத்தில் இருந்த ஒரு தனியார் இல்லத்தில் மூன்று மாதத்துக்குச் சேர்த்தாள். முதல் நாளே மொட்டை அடித்தார்கள். டாக்டர் யாரும் வரவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி வலிப்பு வந்திருக்கிறது. பிழைத்ததே பெரிய காரியம். ஆள் தேறியதும், என்ன வேலை பார்த்தாய் என்று கேட்டிருக்கிறார்கள். சொன்னதும் இல்லத்துக் கக்கூஸ் முழுவதும் அவர் பொறுப்பாகிவிட்டது. 'உனக்குப் பழக்கம்தானே' என்றார்களாம். நான் பார்க்கப் போனபோது சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "தாயி, குடிய மறக்கலாம்னு வந்த எடத்துலயும் அதே வாளிதான் கைக்கு வந்துச்சு. இதுல நான் எத மறக்க?"

அந்தக் கேள்விக்கு மருத்துவம் ஒரு பதில் சொல்கிறது, சட்டம் ஒரு பதில் சொல்கிறது. பல வருசம் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், தூக்கம் போகும். இரண்டு மூன்று நாளைக்குள் வலிப்பு வரலாம், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியலாம். கவனிக்காவிட்டால் ஆள் செத்துப்போவான். அந்த நாட்களில் டாக்டரும் மருந்தும் தயமின் என்ற பி1 சத்தும் வேண்டும். பூட்டும் அடியும் சிகிச்சை ஆகாது. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு மனநோயாளர் விடுதி தீப்பிடித்தபோது, சங்கிலியில் கிடந்த 28 பேர் ஓட வழியில்லாமல் கருகினார்கள். பூட்டி வைப்பதைச் சிகிச்சை என்று ஏற்றுக்கொண்டால் அதன் முடிவு அங்கேதான் போய் நிற்கும்.

2017ஆம் வருசத்து மனநலப் பாதுகாப்புச் சட்டம் குடியாலும் போதையாலும் வரும் மனநிலைகளையும் தனக்குள் சேர்த்துக்கொள்கிறது. சிகிச்சை இல்லம் நடத்துகிறவர் பதிவு செய்ய வேண்டும். சங்கிலி போடக்கூடாது. கட்டாயமாக மொட்டை அடிக்கக்கூடாது. உள்ளே இருப்பவரைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்கக்கூடாது. வேலை செய்தால் தகுந்த கூலி தர வேண்டும். என் மாமாவுக்கு நடந்த எல்லாமே சட்டத்தில் பேர் சொல்லித் தடுக்கப்பட்டவை. ஆனால் இந்தச் சட்டத்தை நம் தெருவில் யார் வாசித்துக் காட்டினார்கள்?

கொடைக்கானலில் இன்னொரு சட்டக்கதையும் உண்டு. போதைக்காளானுக்கும் கஞ்சாவுக்கும் பேர் போன ஊராக அதை ஆக்கிவைத்திருக்கிறார்கள். தேடி வருவது பெரும்பாலும் பட்டணத்துப் பிள்ளைகள். 1985ஆம் வருசத்துப் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவுப்படி, போதைக்கு அடிமையானவர் சிறிய அளவோடு பிடிபட்டால், தானாகச் சிகிச்சைக்குப் போக முன்வந்தால் வழக்கிலிருந்து விலக்குப் பெற வழியிருக்கிறது. நல்ல பிரிவுதான். ஆனால் வக்கீல் வைக்க முடிந்த வீட்டுப் பிள்ளைக்குத்தான் அந்த நம்பர் தெரியும். பத்து ரூபாய்க்குப் பொட்டலம் கைமாற்றிவிட்ட மலைக்காரப் பையனுக்கு ஜெயில் கதவு மட்டும் தெரியும்.

நம் முன்னோர்கள் குடியைப் பற்றிப் பேசாமல் இருக்கவில்லை. 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தை அமைத்த அயோத்திதாசப் பண்டிதர் கொண்டுவந்த பஞ்சசீலத்தில் மது விலக்குதலும் ஒரு சீலம். 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் அம்பேத்கர் சொல்லவைத்த 22 உறுதிமொழிகளில் மது அருந்தமாட்டேன் என்பதும் ஒன்று. இரண்டு பேருமே தனி மனிதனை வெட்கப்படுத்தச் சொல்லவில்லை. ஒரு சமூகமே சேர்ந்து எழுந்து நிற்பதற்காகச் சொன்னார்கள். அந்த வழி நமக்கு வேண்டும். அதே சமயம் உறுதிமொழியால் வலிப்பு நிற்காது என்பதையும் நாம் பேச வேண்டும். குடிப்பவனை இயக்கத்திலிருந்து விலக்கி வைக்கிற தோழர்கள் இதை யோசிக்க வேண்டும். சுயமரியாதையும் மருந்தும் கைகோர்த்தால்தான் ஒருவன் மீள முடியும்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபது பேருக்கு மேல் செத்தார்கள். அதிகமும் நம் சனங்கள். செத்த பிறகு நிவாரணமாகப் பத்து லட்சம் கொடுத்தார்கள். உயிரோடு இருந்தபோது அந்தத் தெருவுக்கு ஒரு சிகிச்சை முகாம் போயிருந்தால் எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள்?

ஆகவே நாம் கேட்க வேண்டியது இதுதான். ஒவ்வொரு தாலுகா அரசு ஆஸ்பத்திரியிலும் குடிநோய்க்குத் தனிப் படுக்கைகள் வேண்டும். மஞ்சக்குடியில் நடந்ததுபோல் சேரிக்கும் மலைக்கிராமத்துக்கும் முகாம் வரவேண்டும். சிகிச்சை நாட்களுக்குக் கூலி ஈடு தரவேண்டும், அதுவும் டாஸ்மாக் கல்லாவிலிருந்தே. ஒவ்வொரு தனியார் இல்லத்தின் பதிவையும் மாவட்ட நிர்வாகம் பகிரங்கமாக ஒட்டி வைக்க வேண்டும். மலக்குழியில் மனிதனை இறக்குவதை 2013ஆம் வருசச் சட்டம் தடை செய்த பிறகும் இறக்குகிறவனைப் பிடித்து உள்ளே தள்ள வேண்டும். ஏனென்றால் அந்தக் குழி மூடாதவரை குவார்ட்டர் பாட்டிலும் மூடாது.