தொட்டிலில் ஒரு கிழவர்

யூதர்கள் ஆண் குழந்தைக்கு எட்டாம் நாள் பெயர் வைப்பார்கள். அந்தப் பச்சை மண்ணைப் பார்த்து 'கிழவா' என்று யாராவது கூப்பிடுவார்களா? கூப்பிட்டிருக்கிறார்கள். போலந்து, லிதுவேனியா, உக்ரைன் பக்கத்து யூதர்களிடம் 'ஆல்ட்டர்' என்றொரு பெயர் உண்டு. அவர்கள் வீட்டில் பேசிய இத்திஷ் மொழியில் அதற்கு 'வயசானவன்' என்று அர்த்தம்.

கேலி இல்லை. பயம்!

வரிசையாகப் பிள்ளைகளைப் பறிகொடுத்த வீட்டில் ஒரு பையன் பிறந்தாலோ, பிறந்தவன் காய்ச்சலில் விழுந்தாலோ இந்தப் பெயர்தான். மரண தூதன் குழந்தையைத் தேடிக்கொண்டு வருவான். உள்ளேயிருந்து 'ஆல்ட்டர், ஆல்ட்டர்' என்று சத்தம் கேட்கும். 'அட, இங்கே ஒரு கிழவன்தானே இருக்கிறான், வீடு மாறி வந்துட்டோம் போல' என்று திரும்பிப் போய்விடுவானாம். பெண் குழந்தை என்றால் 'ஆல்ட்டே'.

மூடநம்பிக்கை என்று சட்டென்று ஒதுக்கிவிடாதீர்கள். யூதர்களின் தால்முத் நூலிலேயே இதற்கு இடம் இருக்கிறது. மேலே எழுதப்பட்ட தீர்ப்பை ரத்து செய்ய நான்கு வழிகள்: தர்மம், பிரார்த்தனை, பெயர் மாற்றம், நடத்தை மாற்றம். ஆபிரகாமின் மனைவி சாராய், 'சாராள்' ஆன பிறகுதானே பிள்ளை பெற்றாள் என்று உதாரணம் வேறு காட்டுகிறது. ஆன்ட்டிபயாடிக் இல்லாத காலம். பெற்றவள் கையில் காசில்லாமல் கிடைத்த ஒரே மருந்து, பெயர்.

அந்தப் பெயரோடு ஒருவர் பெரிய ஆளாக வளர்ந்தார். ஆல்ட்டர் காட்சிஸ்னே. 1885-ல் வில்னாவில் பிறந்தவர். இத்திஷ் எழுத்தாளர், வார்சாவில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். 1920-களில் நியூயார்க்கின் 'ஃபோர்வர்ட்ஸ்' பத்திரிகைக்காக போலந்து முழுக்கச் சுற்றி, யூதர்களின் அன்றாட வாழ்க்கையைப் படம் பிடித்தார். கைத்தொழில் செய்பவர்கள், கிழவிகள், பாடம் படிக்கும் பொடியன்கள் எல்லாரும் அதில் இருக்கிறார்கள்.

1941 ஜூலை. நாஜிப் படை டார்னோபோல் நகரத்துக்குள் நுழைந்தது. அங்கே தஞ்சம் புகுந்திருந்த காட்சிஸ்னேயை, நாஜிகளின் உள்ளூர்க் கையாட்கள் அடித்தே கொன்றார்கள். வயது 56. வார்சாவில் அவர் விட்டுவந்த படங்கள் அழிந்துபோயின. நியூயார்க்குக்கு அனுப்பியதில் சுமார் 700 மிஞ்சின.

ஆல்ட்டர் இன்று அபூர்வமான பெயராகிவிட்டது. அப்படிக் கூப்பிட்ட ஊர்களே காலியாகிவிட்டனவே! பெயரை மாற்றினால் மரணம் ஏமாந்துவிடும் என்று அந்தத் தாய்மார்கள் நம்பினார்கள். 1941-ல் வந்தவர்கள் பெயரைக் கேட்கவில்லை. கிழவனா, குழந்தையா என்றும் பார்க்கவில்லை.